டிசம்பர் குளிரில் கொடைக்கானல் மேல்மலையில் நடக்கவும் டென்ட்டில் தங்கவும் மெரினோ தெர்மல் தேவையா? எத்தனை அடுக்கு போட வேண்டும்?

மேலுக்கு மெல்லிய முழுக்கை மெரினோ (மெரினோ இனச் செம்மறி ஆட்டின் மென்மையான கம்பளியில் செய்த உள்ளாடை) ஒன்று, மெரினோ சாக்ஸ் இரண்டு ஜோடி. மெரினோவில் புதிதாக வாங்க வேண்டியது இவ்வளவுதான். மேல், கீழ், குல்லா, கையுறை என்று முழு செட்டாக அள்ள வேண்டாம். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் இரண்டு நாள் நடை, ஒரு ராத்திரி டென்ட், கைவசம் காட்டன் பனியன், தடித்த ஸ்வெட்டர், ஒரு மழைக்கோட்டு இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்தே சொல்கிறேன். ஊட்டி, அவலாஞ்சி பக்கம் போகிறவர்களுக்கும் இதே கணக்குதான்.

நம் மலைகளில் ஆளை நடுங்கவைப்பது பெரும்பாலும் சொந்த வியர்வைதான். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். பகல் வெயில் சுள்ளென்று அடிக்கும். பத்து கிலோ பையோடு ஏற்றம் ஏறினால் ஸ்வெட்டருக்குள் முதுகு தெப்பமாகிவிடும். மேட்டில் போய் நின்றதும் காற்று பிடிக்கும், பின்னாலேயே பனிமூட்டம் வரும். பனியனில் காற்று இருந்த இடுக்கெல்லாம் இப்போது தண்ணீர் நிற்கிறது. காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அந்தப் பனியன் தோலோடு ஒட்டிக்கிடக்கிறவரை மேலே எத்தனை ஸ்வெட்டர் ஏற்றினாலும் நடுக்கம் அடங்காது. முதலில் மாற்ற வேண்டியது பனியனை.

கம்பளி இழை தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை ஆவியாகவே உள்ளே வாங்கிக்கொள்ளும், தொட்டால் ஈரம் தெரியாது. பாலியெஸ்டர் ஒரு சதவீதம்கூட வாங்காது. வியர்வையை வெளியே தள்ளிச் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் முதல் நாள் சாயங்காலமே நாறத் தொடங்கும். மெரினோவை இரண்டு மூன்று நாள் துவைக்காமல் போட்டாலும் டென்ட்டில் பக்கத்தில் படுப்பவர் முகம் சுளிக்க மாட்டார். நனைந்தாலும் கதகதப்பு என்று விளம்பரத்தில் சொல்வதை மட்டும் அப்படியே நம்பாதீர்கள். தொப்பலாக நனைந்த மெரினோவும் குளிரும், காட்டனை விடக் கொஞ்சம் குறைவாகக் குளிரும். காய்வதற்கு பாலியெஸ்டரைவிட அதிக நேரமும் எடுக்கும்.

வாங்கும்போது லேபிளில் மைக்ரான் அளவை, அதாவது இழையின் பருமனைப் பாருங்கள். 17.5 முதல் 19.5 வரை இருந்தால் வெறும் தோலில் போடலாம். 30 மைக்ரானைத் தாண்டிய தடித்த இழைகள்தான் குத்தும், பழைய கம்பளி ஸ்வெட்டர் அரிப்பது அதனால்தான். அடுத்தது ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. நடக்க 150 முதல் 200 வரை போதும். 250 ஜிஎஸ்எம் நம் பகல் வெயிலில் ஏற்றத்துக்கு அதிகம், அது தூங்க மட்டுமே. நூறு சதவீத மெரினோ என்று போட்டிருந்தால் சந்தோஷப்பட வேண்டியதில்லை. 150 ஜிஎஸ்எம் சுத்த மெரினோ பைப்பட்டை உராயும் தோளிலும் இடுப்பு பெல்ட் உட்காரும் இடத்திலும் சீக்கிரம் ஓட்டை விழும். பத்துப் பதினைந்து சதவீதம் நைலான் கலந்தது கூடுதலாக உழைக்கும். சாக்ஸில் நைலான் அதைவிட அதிகமாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் குதிகால் தேய்ந்துவிடும். அளவு உடம்போடு ஒட்டி, ஆனால் பிடிக்காமல், பேண்ட்டுக்குள் செருகும் நீளத்தில் இருக்க வேண்டும். தொளதொளவென்று இருந்தால் தோலிலிருந்து வியர்வையை இழுக்காது.

மெரினோ என்று மலிவாக விற்பதில் சந்தேகம் இருந்தால் உள்தையல் ஓரத்தில் பிரிந்து நிற்கும் துணி இழை ஒன்றைக் கிள்ளித் தீக்குச்சியில் காட்டுங்கள். முடி பொசுங்கும் நாற்றம் வந்து, தீயை விலக்கியதும் தானாக அணைந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் கம்பளி. சுருண்டு உருகி, கறுப்பாகக் கெட்டி மணிபோல் இறுகினால் அக்ரிலிக்கோ பாலியெஸ்டரோ. தைக்கிற நூலே பாலியெஸ்டராக இருக்கக்கூடும், அதனால் துணியின் இழையைத்தான் எடுக்க வேண்டும். நைலான் கலந்த துணி என்றால் நாற்றம், கெட்டி இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வரும்.

ஒரு வேடிக்கை: மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில் நீங்கள் பார்க்கப்போவதும் பாரத் மெரினோ இன ஆடுகள்தான். மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் அது. கடைத் தெர்மலின் நூல் என்னவோ பெரும்பாலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து வருகிறது.

காலையில் கிளம்பும்போது மெரினோவுக்கு மேல் ஒன்று மட்டும். லேசாகக் குளிரத்தான் வேண்டும். குளிரே தெரியாமல் கிளம்பினால் பத்து நிமிடத்தில் வியர்க்கும். ஏற்றம் ஆரம்பிக்கும் முன்பே மேலடுக்கைக் கழற்றுங்கள், வியர்த்த பிறகு கழற்றுவது வீண். நின்றால் நேர்மாறு: பையை இறக்கியதும் முதல் வேலை ஸ்வெட்டர் போடுவது, டீ, பிஸ்கட் எல்லாம் அப்புறம். காற்று அடித்தால் ஸ்வெட்டருக்கு மேல் மழைக்கோட்டு, ஏனென்றால் பின்னலாடை எதுவும் காற்றைத் தடுக்காது. உங்கள் தடித்த ஸ்வெட்டரைவிட 200 ஜிஎஸ்எம் ஃபிளீஸ் (பாலியெஸ்டரில் செய்த பஞ்சுபோன்ற மேலாடை) எடை குறைவு, சீக்கிரம் காயும். இருந்தால் அதை எடுங்கள், இல்லாவிட்டால் இதற்காகச் செலவழிக்க வேண்டாம். காலுக்குப் பகலில் சாதாரண நைலான் பேண்ட் போதும், உள்ளே தெர்மல் போட்டு நடப்பது தண்டனை.

ராத்திரிக்கு விதி ஒன்றுதான்: நடந்த துணியோடு படுக்கக் கூடாது. தூங்குவதற்கென்று ஒரு தெர்மல் செட்டும் இரண்டாவது ஜோடி சாக்ஸும் பிளாஸ்டிக் உறையில் கட்டித் தனியாக இருக்கட்டும், மழை பெய்தாலும் பகலில் அதைப் பிரிக்காதீர்கள். ஒரு ராத்திரிக்கு இது மலிவான பாலியெஸ்டராக இருந்தாலும் குறையில்லை. நடந்த மெரினோ லேசான ஈரமாக இருந்தால் கழற்றாமல் மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு டென்ட் அடித்து, சமையல் முடியுங்கள். உடம்புச் சூட்டிலேயே காய்ந்துவிடும். கயிற்றில் தொங்கவிட்டால் காலையில் நீர்ப்பனியில் நனைந்து இன்னும் கனமாகத்தான் இருக்கும்.

டென்ட்டைப் புல்வெளியின் அடிமட்டத்தில் போடாதீர்கள். மேகமில்லாத ராத்திரியில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் கொடைக்கானல் ஜிம்கானா மைதானமும் ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவும் உறைபனியில் வெளுத்துக் கிடப்பது இதனால்தான். ஏரி, ஓடை, சதுப்பு ஓரத்தை விட்டுச் சில மீட்டர் மேலே, மரத்தையொட்டிய சமதளம் நல்லது. காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் டென்ட் கூடாது, தீயும் மூட்டக் கூடாது. அனுமதியுள்ள முகாமில் தீ இருந்தால் ஃபிளீஸும் மழைக்கோட்டும் தள்ளி இருக்கட்டும். பொறி விழுந்தால் அவை உருகி ஓட்டையாகும், மெரினோ கருகி அதோடு நின்றுவிடும். இன்னொன்று, தரைக்குளிரை எந்தச் சட்டையும் தடுக்காது. பாய்க்கும் ஸ்லீப்பிங் பேக்குக்கும் காசு போதவில்லை என்றால் மெரினோவை ஒத்திப்போட்டு அவற்றை வாங்குங்கள். பேக்கில் 'கம்ஃபர்ட்' அளவு, அதாவது நிம்மதியாகத் தூங்கக்கூடிய குளிர், 0 முதல் 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அதன் பக்கத்தில் அச்சடித்திருக்கும் 'எக்ஸ்ட்ரீம்' அளவைக் கணக்கில் எடுக்காதீர்கள், அது உயிர் தப்புவதற்கான எல்லை மட்டுமே.

தென்மேற்குப் பருவமழையில் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ரத்தம் உறிஞ்சும் அட்டை, பின்னல் சாக்ஸின் கண்ணுக்குள் புகுந்துவிடும். மெரினோவுக்கு மேல் நெருக்கமாக நெய்த அட்டை சாக்ஸ் தனியாக வேண்டும்.

மெரினோ பெரும்பாலும் கெடுவது வீட்டில்தான். கம்பளி இழையின் மேல் மீன் செதில் மாதிரி அடுக்கு உண்டு. வெந்நீரும் கசக்கலும் சேர்ந்தால் செதில்கள் ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு துணி திரண்டு சுருங்கும், பிறகு திரும்பவே திரும்பாது. உட்புறம் வெளியே வரத் திருப்பி, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், கம்பளிக்கான திரவ சோப்போ தலைக்குப் போடும் ஷாம்புவோ விட்டு அமுக்கி எடுங்கள். சாதாரண சலவைத்தூள் வேண்டாம். கறை போக்க அதில் சேர்க்கும் புரதம் கரைக்கும் நொதி, புரதமான கம்பளியையும் தின்னும். ப்ளீச் அதைவிட மோசம். துணி கண்டிஷனரும் கூடாது. சலவைக்கல், முறுக்கிப் பிழிவது இரண்டுக்கும் தடை. துண்டில் சுருட்டி மிதித்துத் தண்ணீரை எடுத்து, நிழலில் படுக்கப் போட்டுக் காயவிடுங்கள். ஈரத்தோடு கொடியில் தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீளும். வைக்கும்போது துவைத்துத்தான் வைக்க வேண்டும், வியர்வையும் உணவுக்கறையும் படிந்த இடத்தைத்தான் அந்துப்பூச்சிப் புழு முதலில் அரிக்கும். காற்றுப் புகாத ஜிப் உறை இருந்தால் அந்துருண்டை நாற்றத்துக்கு அவசியமில்லை. ஏற்கெனவே குண்டூசி அளவு ஓட்டைகள் தெரிந்தால் உறையோடு இரண்டு வாரம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு, பக்கத்தில் இருந்த மற்ற கம்பளித் துணிகளையும் உதறிப் பாருங்கள்.