ஹோம் தியேட்டரில் படம் ஓடுகிறது, சத்தம் மட்டும் விட்டு விட்டு வருகிறது. உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போய்விட்டதா?

போர்டு, போர்டு என்று யாராவது சொன்னாலே எனக்கு எரிகிறது, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் டிவியைப் புதிதாக மாற்றிப் பழைய ஹோம் தியேட்டரை அதோடு கோர்த்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். டிவிக்குப் பின்னால் எத்தனை எச்டிஎம்ஐ ஓட்டை இருந்தாலும், ஏஆர்சி (டிவியின் சத்தத்தை ஹோம் தியேட்டருக்குத் திருப்பி அனுப்பும் வழி) என்று போட்டிருப்பதில்தான் சத்தம் வெளியே வரும். ஒயரை அதில் சொருகி, டிவி செட்டிங்கில் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம்முக்கு, அதாவது சுருக்காத சாதா ஒலிக்கு, மாற்றிப் பாருங்கள். அதில் ஒழுங்காக வந்தால் ஒயர்மேல் பழி போடாதீர்கள், டால்பி, டிடிஎஸ் என்று சுருக்கி வரும் ஒலியை ஹோம் தியேட்டர் பெட்டியால் பிரிக்க முடியவில்லை, அவ்வளவுதான். ஏஆர்சியே 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்ததுதான். அதற்கு முந்தைய பெட்டி என்றால் ஆப்டிகல் ஒயர் (சத்தத்தை ஒளியாக அனுப்பும் ஒயர்) போடுங்கள், முனையில் இருக்கும் குட்டி பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டு.

இதெல்லாம் சரியாக இருந்தும் என் வீட்டில் சத்தம் ஒழுங்காக வரவில்லை. கடலூர் தேவனாம்பட்டினம், மாடியில் நின்றால் கடல் தெரியும். இடது ஸ்பீக்கர் கரகரவென்று வந்து நின்றுபோகும், பத்து நிமிடத்தில் ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கும் பெட்டி) 'புரொடெக்ட்' என்று காட்டி அணைந்துவிடும். மஞ்சக்குப்பத்தில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். மூடியைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு சார், 4500 ஆகும்" என்றார். இரண்டு வாரம் வைத்திருந்து பணமும் வாங்கிக்கொண்டு அனுப்பினார், மறுபடி அதே கரகர. எல்லா மெக்கானிக்கும் அப்படி என்று நான் சொல்லவில்லை, கமெண்டில் சண்டைக்கு வராதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரைத் திருப்பினேன். செம்புக் கம்பி முழுக்கப் பாசி மாதிரி பச்சை. சிவப்பு முனையிலிருந்து ஒரே ஒரு இழை பிரிந்து கறுப்பு முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது, அந்த ஷார்ட்டுக்குத்தான் ஆம்ப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்திருக்கிறது! அரை அங்குலம் வெட்டினேன், உள்ளேயும் பச்சை. மூன்றங்குலம் தள்ளித்தான் பளபளவென்று செம்பு தெரிந்தது. சீவி, இறுக்கி முறுக்கி மாட்டினேன், சத்தம் வந்தது. அவசரத்தில் அந்தப் பக்கம் சிவப்பு கறுப்பை மாற்றிவிட்டேன் போல, பேஸ், அந்தக் கனத்த அடிச்சத்தம், கொஞ்சம்கூட இல்லை. புதுச்சேரியிலிருந்து வந்திருந்த மச்சான்தான் கேட்டுவிட்டு "என்ன மாமா, ரேடியோ மாதிரி இருக்கு" என்றான். மாற்றிப் போட்டதும் சரியானது.

உண்மையில் கோபம் வீடு கட்டும்போது வந்த எலக்ட்ரீஷியன்மேல். ஸ்பீக்கர் ஒயர் போகச் சுவருக்குள் ஒரு பைப் கூடுதலாகப் போடச் சொல்லிக் கெஞ்சினேன். "எதுக்கு சார், வேஸ்ட்டு" என்று பூசிவிட்டுப் போய்விட்டார். அதனால்தான் ஒயர் கடல் பக்க ஜன்னல் ஓரமாக உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு கிடக்கிறது. மழைக்காலம் முடிந்தால் நான் கத்தரிக்கோலோடு உட்கார வேண்டும். வெட்டி வெட்டி இப்போது ஒரு முழம்தான் மிச்சம் இருக்கிறது, அதுவும் தீர்ந்தால் ஸ்பீக்கரைத்தான் டிவி பக்கம் நகர்த்த வேண்டும்.