அம்பாசமுத்திரம் வருகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

எனக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. தாமிரபரணிக்கு இந்தக் கரை நாங்கள், அந்தக் கரை அம்பை என்கிற அம்பாசமுத்திரம். சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் கேட்டதில் சிலவற்றுக்குப் பதில்.

அண்ணாச்சி, சென்னையிலிருந்து எப்படி வருவது?

ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸ், காலையில் திருநெல்வேலி. அங்கிருந்து பாபநாசம் பஸ் நிறைய உண்டு, ஆனால் செங்கோட்டை பாசஞ்சரில் ஏறுங்கள், சேரன்மகாதேவி தாண்டியதும் மலை கிட்டே கிட்டே வரும்.

குற்றால சீசனோடு சேர்த்து ஜூலையில் வரலாமா?

வரலாம். என்னைக் கேட்டால் தை மாதம்தான். மணிமுத்தாறு அணை (118 அடி) வடகிழக்கு மழையை நம்பி இருப்பது, அது நிரம்பி, பிசானம் என்கிற குளிர்காலப் போக நெல்லும் பச்சையாக நிற்கிற நேரம் அது. நவம்பர், டிசம்பர் மட்டும் வேண்டாம். 2023 டிசம்பர் வெள்ளத்தை நாங்கள் இன்னும் மறக்கவில்லை.

அகஸ்தியர் அருவி, காரையார், மணிமுத்தாறு, மாஞ்சோலை எல்லாம் ஒரே நாளில் முடியுமா?

எதற்கு இந்த ஓட்டம்? இது 1988ல் அறிவித்த களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம். செக்போஸ்டில் சோதனை உண்டு, பிளாஸ்டிக்கைப் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலமானால் கதவு சாத்திவிடும். அகஸ்தியர் அருவியில் வருடம் முழுக்கத் தண்ணீர் விழும், காலையிலேயே போய்விடுங்கள், பையைக் குரங்கிடம் கொடுத்துவிடாதீர்கள். காரையாரில் அணை தவிர சொரிமுத்து அய்யனார் கோயிலும் இருக்கிறது, ஆடி அமாவாசைக்கு மட்டும் அந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள், கூட்டம் தாங்காது. மாஞ்சோலை தனிக் கதை. 1929ல் சிங்கம்பட்டி ஜமீன் ஒரு கம்பெனிக்கு 99 வருடக் குத்தகைக்கு விட்ட காடு, அங்கே தேயிலைத் தோட்டம் போட்ட அந்தக் கம்பெனி 2024ல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டது. பிறந்த இடத்தை விட்டு இறங்கச் சொன்னால் எப்படி இருக்கும்? அங்கே போவதற்கான விதி அடிக்கடி மாறுகிறது, அதனால் கிளம்புவதற்கு முன் வனத்துறையில் கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளோடு ஆற்றில் குளிக்கலாமா?

ஊர்க்காரர்கள் குளிக்கிற படித்துறையில் மட்டும். அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு திடீரென்று ஏறும், வெளியூர்க்காரர்களுக்கு அது பிடிபடாது. அப்புறம் ஒன்று: பாபநாசத்தில் பரிகாரம் என்று கட்டிய துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போகிறார்களே, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் பாவம் போகிறதோ இல்லையோ, அந்தத் துணி எங்கள் தண்ணீரில்தான் கிடக்கிறது.

பறவை பார்க்க?

திருப்புடைமருதூர். கோயிலைச் சுற்றி மரமெல்லாம் நாரையும் கொக்கும், வீட்டு வாசலிலேயே கூடு. வெடி போடாமல், கல் எறியாமல் ஊரே காப்பாற்றி வைத்திருக்கிறது. ராஜகோபுரத்துக்குள் பழைய ஓவியங்களும் மரச் சிற்பங்களும் உண்டு, ஏற அனுமதி கிடைத்தால் விடாதீர்கள்.

வாங்கிப் போக என்ன இருக்கிறது?

அப்பளம்தான், வேறென்ன! கல்லிடைக்குறிச்சி வரை வந்துவிட்டு அதை வாங்காமல் போனால் எனக்கே கோபம் வரும்.