திடீர்ப் பீதி ஏன் வருகிறது, எப்படிக் குணமாகிறது?

ஈசிஜி சரியாக இருந்தும் அடிக்கடி நெஞ்சு படபடத்து உயிர் போவதுபோல் இருக்கிறதே, இது வெறும் பிரமையா என்று கேட்டிருக்கிறீர்கள். பிரமை இல்லை, இதுதான் திடீர்ப் பீதி (panic attack). படபடப்பு உண்மையானது, அதற்கு மனம் கற்பிக்கும் பொருள்தான் தவறு.

பிரிட்டன் உளவியலாளர் டேவிட் கிளார்க் 1986-ல் முன்வைத்த விளக்கம் இதுதான். மாடி ஏறியதும் இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. 'மாரடைப்போ!' என்று மனம் பதறுகிறது. பதற்றத்தில் அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரக்க, துடிப்பு இன்னும் ஏறுகிறது. பயந்தது சரிதான் என்று தோன்றிவிடுகிறது. அமெரிக்க மனநல மருத்துவர் டொனால்ட் கிளைன் வேறு பக்கம் பார்த்தார்: மூச்சுத்திணறலை அறிவிக்கும் மூளையின் எச்சரிக்கை மணி காரணமின்றி ஒலிக்கிறது என்றார், 1993-ல். கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தால் இந்நோயாளிகள் பலருக்குப் பீதி எளிதில் கிளம்புவது அவருக்குச் சாதகமான சான்று. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்கலாம் என்பது என் எண்ணம். பரம்பரைக்கும் பங்குண்டு.

சிகிச்சையில் விசித்திரமான ஒன்று உண்டு. சுழல் நாற்காலியில் சுற்றவைத்தும், ஸ்ட்ரா வழியாக மூச்சுவிடச் செய்தும் அதே அறிகுறிகளை வேண்டுமென்றே வரவழைப்பார்கள். பலமுறை வந்தும் ஒன்றும் ஆகவில்லை என்பதை உடம்பே கற்றுக்கொள்ளும். செர்ட்ராலின் போன்ற மாத்திரைகள் பலன்தரச் சில வாரங்கள் பிடிக்கும். அல்பிரசோலம் என்ற அமைதிப்படுத்தும் மாத்திரை பீதியை விரைவில் அடக்கும். ஆனால் அதற்கு அடிமையாகும் ஆபத்துண்டு, மருத்துவரைக் கேட்காமல் சட்டென நிறுத்தவும் கூடாது. முதலில் தைராய்டு பரிசோதனை செய்துவிடுங்கள். தைராய்டு சுரப்பு மிகுந்தாலும் இதே படபடப்புதான்.