பால்காரர் என்று சொல்லாதீர்கள்

கேள்வி: எங்கள் ஊர் வைரவிழாப் பள்ளியில் படித்தவர் 'இந்தியாவின் பால்காரர்' வர்கீஸ் குரியன். அவருக்குப் பாரத ரத்னா கேட்டு உங்கள் பத்திரிகை ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: கொடுத்தால் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவேன். பத்மஸ்ரீ, பத்மபூஷண், பத்மவிபூஷண் மூன்றும் வாங்கியவர். நாலாவதும் அவருக்குப் பொருந்தும். அது அவ்வளவுதான். என்னைக் குத்துவது நீங்கள் எழுதிய 'பால்காரர்'.

பால்காரர் யார் என்று நமக்கெல்லாம் தெரியும். விடிவதற்குள் மாட்டைக் கறந்து, சைக்கிளில் கேனைக் கட்டி, வாசலில் மணியடித்து அளந்து ஊற்றிவிட்டுப் போகிறவர். அந்தத் தொழிலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் குரியன் அதைச் செய்யவில்லை. லயோலாவில் இயற்பியலும் கிண்டியில் இயந்திரப் பொறியியலும் படித்தவர். அரசாங்க உதவித்தொகையில் அமெரிக்கா போய் வந்து, அதற்குக் கட்டுப்பட்டு 1949 மே 13 அன்று குஜராத்தின் ஆனந்தில் கால் வைத்தார். எப்போது கிளம்பலாம் என்றுதான் முதலில் நாள் எண்ணிக்கொண்டிருந்தார். பிடித்து நிறுத்தியவர் அங்கிருந்த பால் விவசாயிகள் சங்கத்தின் தலைவர் திரிபுவன்தாஸ் படேல். பின்னாளில் 'அமுல்' என்று நாம் அறிந்த அந்தக் கேடா மாவட்டப் பால் உற்பத்தியாளர் சங்கம் 1946லேயே பதிவாகிவிட்டது. குரியன் வந்தபோது விவசாயிகள் ஏற்கெனவே ஒன்றுசேர்ந்திருந்தார்கள். இதைச் சொல்லாமல் குரியன் கதையை ஆரம்பிப்பவர்களோடு நான் பல வருஷமாகச் சண்டை போட்டுவருகிறேன்.

இன்னொரு பெயரும் விட்டுப்போகிறது. எச்.எம். தலாயா. மிச்சிகனில் குரியனோடு படித்தவர். கேடாவில் பெரும்பாலும் எருமைப்பால். குளிர்காலத்தில் எருமை கறப்பது கோடையைப்போல ஏறக்குறைய இரண்டு பங்கு. அந்தப் பாலை வாங்கும் பம்பாய்க்கு அவ்வளவு வேண்டாம். எருமைக்கோ அது தெரியாது. மிஞ்சியதை என்ன செய்வது? பவுடராக்கலாம். ஆனால் எருமைப்பாலைப் பவுடராக்க முடியாது என்று பசும்பால் நாடுகளின் நிபுணர்கள் கையை விரித்தார்கள். அதில் கொழுப்பு அதிகம், புரதம் அதிகம், சுண்ணாம்புச் சத்தும் அதிகம். சுண்டக் காய்ச்சினால் திக்காகிவிடும். 'முடியும்' என்று நின்றவர் தலாயா, செய்தும் காட்டினார். வெண்ணெய் எடுத்த பாலைச் சுண்டவைத்து, உயரமான கூண்டுக்குள் பொடிப்பொடித் துளிகளாகப் பீய்ச்சி, கூடவே சூடான காற்றை விட்டால், துளி அடியில் போய்ச் சேர்வதற்குள் தூளாகியிருக்கும். 1955 அக்டோபர் 31 அன்று நேரு திறந்துவைத்த ஆனந்த் ஆலையில் நடந்தது இதுதான். அன்றைக்குப் பிறகு குளிர்காலப் பாலை வேண்டாமென்று திருப்பி அனுப்பவேண்டிய அவசியம் இல்லை.

அதே எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் வழியைக் கண்டது மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆய்வு நிலையம். அதன் முதல் இயக்குநர் வெ. சுப்பிரமணியன். இந்தப் பெயரைக் கேட்டால் "எந்த சுப்பிரமணியன்?" என்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது. பிள்ளை 'ஃபுட் டெக்னாலஜி' எடுக்கிறேன் என்றால் "சமையல் படிக்கவா காலேஜ்?" என்று கேட்கிற அப்பாக்கள் இன்றும் எனக்கு எழுதுகிறார்கள். ஐயா, அடுப்படியில் வைத்த பால் சாயங்காலம் திரிந்தால் கீழே கொட்டிவிடலாம். ஒரு மாவட்டத்தின் பால் திரிந்தால்? திரியாமல் வைத்திருப்பது ஒரு படிப்பு, ஆயுள் முழுக்கச் செய்கிற உத்தியோகம்.

பால் என்றதும் காபி வந்துவிடுகிறது. 'சிக்கரி' திரிந்துதான் 'டிகிரி காபி' ஆனது என்று அடம்பிடிக்கும் வாசகருக்கு மறுபடியும் சொல்கிறேன்: நான் லாக்டோமீட்டர் கட்சி. பாலின் அடர்த்தியை டிகிரியில் காட்டும் கருவி அது, பெயர் அதிலிருந்து வந்தது என்பது என் பக்கம். பாலில் அதை மிதக்கவிட்டு "எத்தனை டிகிரி?" என்று கேட்பது இன்றைக்கும் பால் கூட்டுறவுச் சொசைட்டியில் காதில் விழுகிற பேச்சு. ஆனால் லாக்டோமீட்டரை ஏமாற்றலாம். தண்ணீர் விட்டால் டிகிரி இறங்கும். ஆடையை எடுத்தால் ஏறும். இரண்டையும் அளவாகச் செய்தால் நல்ல பால் மாதிரியே காட்டும். அதனால்தான் கொழுப்பையும் பார்க்கிறார்கள்.

அதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கழுத்து நீண்ட கண்ணாடிக் குழாயில் முதலில் 10 மில்லி கந்தக அமிலம். அதன்மேல் 10.75 மில்லி பாலை ஓரமாக, மெதுவாக விடவேண்டும். பிறகு 1 மில்லி அமைல் ஆல்கஹால். மூடியை இறுக்கிக் குலுக்கியதும் பால் கருஞ்சிவப்பாக மாறிக் கொதிக்கும். துணி சுற்றாமல் குழாயைப் பிடிக்க முடியாது. மிஷினில் போட்டுச் சுற்றி எடுத்தால் கழுத்தில் மஞ்சளாக ஒரு சின்னத் தண்டு நிற்கும். அதுதான் கொழுப்பு. சோதித்துக்கொண்டிருந்த பெண் குழாயைக் கண்ணுக்கு நேரே தூக்கி, கோட்டைப் பார்த்து, "ஆறு புள்ளி நாலு" என்றார். வரிசையில் நின்ற பாட்டி தலையாட்டிவிட்டுப் பால் கணக்கு நோட்டை நீட்டினார். அந்தப் பெண்ணின் விரல்களில் அமிலம் பட்ட தழும்புகள் இருந்தன. இப்போது பல ஊர்களில் எலெக்ட்ரானிக் மிஷின் வந்து, பாலை விட்டதும் சீட்டு வந்துவிடுகிறது. நல்லதுதான், விரலாவது தப்பியது.

தான் விவசாயிகளிடம் சம்பளம் வாங்கும் ஊழியன் என்றுதான் குரியன் கடைசிவரை சொல்லிவந்தார். 1963இல் வந்த மகசேசே விருதையே திரிபுவன்தாஸ் படேல், பம்பாய்ப் பால்துறை ஆணையராக இருந்த தாரா குரோடி இருவரோடும் பகிர்ந்துகொண்டவர் அவர். பாரத ரத்னா மனுவில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன். நீங்கள் எனக்காக ஒன்று செய்யுங்கள். நாளைக் காலை ஆறு மணிக்கு உங்கள் ஊர்ச் சொசைட்டிக்குப் போய், அங்கே பாலைச் சோதிப்பவர் எத்தனை வருஷமாக அந்த வேலையில் இருக்கிறார், எங்கே கற்றுக்கொண்டார், என்ன சம்பளம் என்று கேட்டு எழுதி அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கு ஒரு முழுப்பக்கம் ஒதுக்கிவிட்டேன்.