கலைத்த படத்தை மருத்துவர் எப்படிப் பார்ப்பார்?

கேள்வி: என் மகள் நாகர்கோவிலில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறாள். ஸ்கேன் படங்களை மறைகுறியாக்கம் செய்வதும் (அதாவது, பிறருக்கு விளங்காதபடி கலைத்துப் பூட்டுவதும்), அதே படங்களில் நோயைக் கணினி வழியே கண்டறிவதும் தன் வேலை என்கிறாள். படத்தைக் கலைத்துப் போட்டால் மருத்துவர் எதைப் பார்ப்பார்? ஒருத்தியே இரண்டையும் செய்வது எதற்கு?
– ஒரு வாசகி, மார்த்தாண்டம்

பதில்: நம் குமரி மாவட்டத்தில் எடுத்த ஸ்கேனைத் திருவனந்தபுரத்து மருத்துவரிடம் காட்டுவது நமக்குப் புதிதன்று. இணையம் வழியே போகும் படத்தை இடையில் யார் கைப்பற்றினாலும் அவருக்கு ஒன்றும் விளங்கக் கூடாது. உரிய மருத்துவர் சாவியிட்டு (சாவி என்பது ஓர் இரகசிய எண்) திறந்தால் எடுத்தபடியே கிடைக்க வேண்டும். கலைப்பது அந்த வழிப்பயணத்துக்காக மட்டுமே.

தோவாளையில் மாணிக்கமாலை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளை அரளியும் சிவப்பு அரளியும் நொச்சி இலையும் மடிந்து மடிந்து, பாய் விரித்தாற்போல் வரிசையாக அமையும். ஸ்கேன் படமும் அத்தகையதே. சி.டி. ஸ்கேனின் ஒரு படத்தில் வழக்கமாக 512 வரிசைகள், வரிசைக்கு 512 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். இரகசியச் சாவி சொல்கிறபடி பூக்களை இடம் மாற்றினால் மாலையின் வடிவம் அழிந்துபோகும். ஆனால் சிவப்பு எத்தனை, வெள்ளை எத்தனை என்ற கணக்கு மாறாது. துப்புத் துலக்குகிறவருக்கு அந்தக் கணக்கே பிடி கொடுத்துவிடும். ஆகவே அடுத்ததாக ஒவ்வொரு புள்ளியின் எண்ணையும், அதற்கு முந்தைய புள்ளிக்குக் கிடைத்த விடையையும் சேர்த்துக்கொண்டு, மாற்றுகிறார்கள்; இதைச் சில சுற்றுகள் செய்தால், மூலப்படத்தில் ஒரே ஒரு புள்ளி மாறினாலும் பூட்டிய படம் முழுவதும் வேறாகிவிடும். அமெரிக்கக் கணிதவியலாளர் கிளாட் ஷானன் 1949-இல் எழுதிய குழப்பல், பரப்பல் என்ற கொள்கைகளிலிருந்து வளர்ந்த முறை இது.

இரண்டு வேலையும் ஒருத்தியிடம் இருப்பதைப் பொருத்தமாகவே கருதுகிறேன். சி.டி. படத்தில் ஒவ்வொரு புள்ளியின் எண்ணும் அங்குள்ள பொருளின் அடர்த்தியைக் காட்டும்: தண்ணீருக்கு 0, காற்றுக்கு –1000. மூளைத் திசு ஏறக்குறைய 20 முதல் 40 வரை. புதிதாகக் கசிந்த இரத்தம் பெரும்பாலும் 50 முதல் 70 வரை. இவ்வளவு பெரிய அளவுகோலில் நோயைக் காட்டிக்கொடுப்பது இந்தச் சிறு இடைவெளிதான். திறந்த படத்தில் எண்கள் சற்றுப் பிசகினாலும், நோயைத் தேடும் கணினி தடம் மாறிவிடலாம். எந்த எண் எதற்குப் பயன்படுகிறது என்று அறிந்தவரே அதைப் பழுதின்றிப் பூட்டவும் வல்லவர். தவிர, டைகாம் என்ற வகைக் கோப்பில் படத்தோடு நோயாளியின் பெயர், பிறந்த தேதி, ஸ்கேன் எடுத்த நாள் ஆகியவையும் இருக்கும். படத்தை மட்டும் பூட்டி இவற்றைத் திறந்தே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஒரு புள்ளியை மாற்றினால் பூட்டிய படத்தில் சுமார் 99.6 விழுக்காடு புள்ளிகள் மாறுகின்றன என்று இத்துறைக் கட்டுரைகளில் அட்டவணை போடுவார்கள். அது தேவைதான், ஆனால் அந்தத் தேர்வில் வென்ற பல முறைகளைப் பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் உடைத்திருக்கிறார்கள். செய்முறை முழுவதும் ஊரறிந்தாலும் சாவி ஒன்று மட்டுமே இரகசியத்தைக் காக்க வேண்டும் என்று 1883-இலேயே மறைகுறியீட்டு அறிஞர் கெர்க்காஃப்ஸ் சொன்னார். தன் முறையைத் தானே எதிரியாக இருந்து உடைத்துப் பார்ப்பதற்கு அவள் தயங்காமல் நேரம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: அப்பாவின் எம்.ஆர்.ஐ. பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கைப்பேசியில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் மருத்துவருக்கு அனுப்பினேன். இது போதுமா?
– ஒரு வாசகர், குளச்சல்

பதில்: அவசரத்துக்கு ஒரு பார்வை பார்க்க உதவும், முடிவெடுக்கப் போதாது. பிலிமில் இருப்பது யாரோ ஒருவர் தேர்ந்தெடுத்த ஒரே வெளிச்ச அளவு. அதைக் கைப்பேசியில் எடுக்கும்போது நுணுக்கம் குறைகிறது. வாட்ஸ்அப் சுருக்கி அனுப்பும்போது மேலும் குறைகிறது. செய்தி வழியில் மறைகுறியாக்கம் உண்டு என்றாலும், போய்ச் சேர்ந்த படம் அடுத்தவர் கைப்பேசியில் திறந்தே கிடக்கும். ஸ்கேன் சென்டரில் மூலக் கோப்புகளைக் குறுந்தகட்டில் கேட்டு வாங்குங்கள். அனுப்பியே ஆக வேண்டுமானால், கடவுச்சொல்லிட்ட ஜிப் கோப்பாக அனுப்பிவிட்டு, அந்தச் சொல்லை அதே செய்தியில் எழுதாமல் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள்.