கதையை யாரிடம் படிக்கக் கொடுப்பது?

கேள்வி: சில ஆண்டுகளாகச் சிறுகதைகள் எழுதி வருகிறேன். வீட்டாரிடமும் தோழியரிடமும் காட்டினால் ‘அருமை’ என்பதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. எழுதும் பழக்கமுள்ள நண்பர் ஒருவரிடம் கொடுத்தபோது, எங்கள் ஊர்ப் பேச்சையெல்லாம் பொது வழக்குக்கு மாற்றி, முடிவையும் அவரே எழுதித் தந்தார். அதன்பின் அந்தக் கதையைத் தொடவே மனம் வரவில்லை. நேர்மையாகப் படித்துச் சொல்லக்கூடிய ஒருவரை எங்கே தேடுவது? அவர் சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டுமா?
– வாசகி, தென்காசி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, உங்கள் நண்பர் உங்கள் கதையை வைத்துத் தம்முடைய கதையை எழுதிவிட்டார். வீட்டாரோ உங்கள் மீதுள்ள பிரியத்தைக் கதைக்கும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். உங்கள் கதையைப் படிக்கும்போது எந்த வரியில் கவனம் சிதறியது, எந்த இடத்தில் குழப்பம் வந்தது, எங்கே கண் கலங்கியது என்பதை இரு தரப்பாருமே உங்களிடம் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடிய ஒருவர்தான் உங்களுக்குத் தேவை.

அப்படிப்பட்டவரை மூத்த எழுத்தாளர்களிடையே தேட வேண்டாம் என்பது என் கருத்து. அவர்களிடம் மூன்றாவது திருத்தத்தை நீட்டி மறுபடியும் படியுங்கள் என்று கேட்கத் தயங்குவீர்கள். அவர்கள் சொன்னதை மறுக்கவும் உங்களுக்கு நா எழாது. ஏறத்தாழ உங்களைப் போலவே எழுதிப் பழகிவரும், தம் கதையையும் உங்களிடம் படிக்கக் கொடுக்கும் ஒருவரே பொருத்தமானவர். மாவட்ட மைய நூலகத்தின் வாசகர் வட்டத்துக்கோ, தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கிளைக் கூட்டங்களுக்கோ சென்று சில மாதங்கள் அமைதியாகக் கவனியுங்கள். பிறருடைய கதையைப் பற்றிப் பேசும்போது பொதுவாகப் புகழாமல், குறிப்பிட்ட ஒரு காட்சியை எடுத்துப் பேசுகிறவர் யார் என்று பாருங்கள். அவரை அணுகி, ஆளுக்கொரு கதையை மட்டும் மாற்றிக்கொள்ளலாமா என்று கேளுங்கள். முதலில் அவருடைய கதையை வாங்கி, பொறுமையாகப் படித்து, ஒரு பக்கத்துக்கு உங்கள் கருத்தை எழுதிக் கொடுங்கள். அதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே மேற்கொண்டு சேர்ந்து பயணிக்க முடியுமா என்பது விளங்கிவிடும்.

கதையை அனுப்பும்போது, அது முதல் வரைவா, அச்சுக்குப் போகும் நிலையில் உள்ளதா என்பதையும், எதைக் கவனிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ‘நடை இன்னும் மெருகேற வேண்டும்’ என்ற கருத்தை வைத்துக்கொண்டு உங்களால் ஒன்றும் செய்ய முடியாது. ‘ரேஷன் கடை வரிசையில் நிற்பவள் அக்கா என்றே நினைத்தேன், தங்கை என்பது அடுத்த பக்கத்தில்தான் தெரிந்தது’ என்று ஒருவர் எழுதினால், எந்த வரியைத் திருத்த வேண்டும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும். ஒற்றுப்பிழைகளை இறுதி வரைவில் பார்த்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே பேசி வையுங்கள். முதல் வரைவிலேயே க், ச், த், ப் திருத்தத் தொடங்கினால், பக்கமெல்லாம் சிவந்து, பெரிய வேலை நடந்ததுபோல் இருவருக்கும் தோன்றும், கதையின் குறையோ அப்படியே இருக்கும். ஊர்ப் பேச்சைப் பொறுத்தவரை, ‘புரியாத சொல்லின் கீழ் கோடு மட்டும் போடுங்கள், மாற்ற வேண்டாம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும். நண்பர் கை வைப்பதற்கு முந்தைய பிரதி உங்களிடம் இருந்தால், அந்தக் கதையையே இந்தக் குறிப்போடு புதியவரிடம் கொடுக்கலாம்.

அவர் ‘புரியவில்லை’ என்று சொன்னவுடன் தொலைபேசியில் விளக்கம் சொல்லத் தொடங்காதீர்கள். பத்திரிகையில் அந்தக் கதையைப் படிப்பவருக்கு உங்கள் விளக்கம் கிடைக்கப் போவதில்லை அல்லவா?

சொன்னதையெல்லாம் ஏற்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆங்கிலக் கவிஞர் டி. எஸ். எலியட்டின் ‘தி வேஸ்ட் லேண்ட்’ என்ற நெடுங்கவிதை 1922இல் வெளிவருவதற்கு முன், அதன் கைப்பிரதியில் அவருடைய நண்பரும் கவிஞருமான எஸ்ரா பவுண்ட் ஏராளமான வரிகளை அடித்திருந்தார். 1971இல் பதிப்பிக்கப்பட்ட அந்தப் பிரதியில் அந்த அடித்தல்களை இன்றும் காணலாம். நான்காம் பகுதியில் நீண்ட கடற்பயணக் காட்சி நீக்கப்பட்டபின், நீரில் மூழ்கி இறந்த மாலுமியைப் பற்றிய பத்து வரிகளே எஞ்சின. மனம் தளர்ந்த எலியட், அவற்றையும் எடுத்துவிடலாமா என்று கேட்டபோது, அவை கட்டாயம் இருக்க வேண்டும் என்று வற்புறுத்தியவர் அதே பவுண்ட்தான். அவர் அத்தனை வரிகளை அடித்ததைவிட, இந்தப் பத்து வரிகளைக் காப்பாற்றியதையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஆகவே, எதை எடுக்கலாம் என்பதோடு, எதைத் தொடவே கூடாது என்பதையும் குறித்துத் தரும்படி உங்கள் கதையைப் படிக்கும் அந்தப் புதியவரிடம் கேளுங்கள். அவர் தடுமாறிய இடத்தில் ஏதோ பிசகு இருக்கிறது என்பதைப் பெரும்பாலும் நம்பலாம். அதற்கு அவர் சொல்லும் மாற்று உங்களுக்கு ஒவ்வாவிட்டால், ஒரு வாரம் ஆறப்போட்டு, உங்களுக்குத் தோன்றும் வழியில் திருத்துங்கள்.

நான்கைந்து கதைகளுக்குப் பிறகும் அவரிடமிருந்து பாராட்டு மட்டுமே வருகிறது என்றாலோ, அவருக்கு அனுப்பவே அச்சமாக இருக்கிறது என்றாலோ, நட்பை வைத்துக்கொண்டு இந்தப் பரிமாற்றத்தை மட்டும் நிறுத்திவிடலாம். அதைக் காரணத்தோடு நேரில் சொல்லிவிடுங்கள். பதில் போடாமலேயே விலகிவிடுவது, தம் கதையை உங்களை நம்பித் தந்தவரை வெகுவாகப் புண்படுத்தும்.