வெயில் யாரை அடிக்கிறது?

அன்புள்ள ஐயா,

பாரிஸுக்கு வடக்கே சார்செலில் இருக்கிறேன். சொந்த ஊர் காரைக்கால். என்னோடு வேலை பார்க்கும் இரண்டு பிரெஞ்சுப் பெண்களுக்கு ஞாயிறுதோறும் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ‘கெட்’ என்ற மூன்றெழுத்துச் சொல்லில் மாட்டிக்கொண்டோம். வாங்கு, கிடை, ஆகு, போய்ச்சேர், புரிந்துகொள் என்று 26 பொருளுக்குப் பிரெஞ்சில் அட்டவணை போட்டுக் கொடுத்தேன். அலுத்துப்போய், ஆங்கிலம் சோம்பேறி மொழி என்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. எந்த அகராதியை வாங்கச் சொல்லலாம்?

ம.

அன்புள்ள ம.,

வாரம் முழுக்க உழைத்துவிட்டு, கிடைக்கிற ஒரு ஞாயிற்றையும் பிறருக்குக் கொடுக்கிறீர்கள். மனம் நிறைந்தது. ஆனால் அந்த அட்டவணையை முதலில் கிழித்துப் போடுங்கள். அகராதி, கையில் இருப்பதே போதும்.

‘சோம்பேறி மொழி’ என்கிறீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தமிழ் பேசுகிறவர் சொல்கிற பேச்சா இது? போன வாரம் என் பேத்தி, “வெயில் யாரைத் தாத்தா அடிக்குது?” என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பு.

1990களில் புதுச்சேரியில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு பிரெஞ்சு ஆசிரியை குடியிருந்தார். அவருக்கு நான் ஆங்கிலம், எனக்கு அவர் பிரெஞ்சு. அவரும் ‘கெட்’டில்தான் முட்டி நின்றார். அதைத் தொடாமல் அப்டெயின், ரிசீவ், அரைவ் என்று சுற்றிப் போவார். எல்லாம் 1066க்குப் பிறகு, நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்த காலந்தொட்டுப் பிரெஞ்சு வழியாகப் போய்ச் சேர்ந்த சொற்கள். சொந்தபந்தத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளத்தானே தோன்றும்? ஆனால் சளி பிடித்ததைச் சொன்னாலும் தாலுகா ஆபீஸ் கடிதம் மாதிரி இருக்கும். ‘கெட்’, அதற்கு முன்பே வடக்கிலிருந்து கடல் கடந்து வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. வீட்டிலும் தெருவிலும் புழங்குகிற சொல்.

ஒருநாள் மாடிப்படி இறங்கியவர், “சாயங்காலம் எ ஹிட் ஆஃப் போன் தருகிறேன்” என்றார். பிரெஞ்சில் அது ‘கூ த ஃபில்’, கம்பியடி. கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, “போன் அடிக்கிறேங்குதா அந்தம்மா? அடிக்கட்டும்” என்றாள். நான் அப்படியே நின்றுவிட்டேன்.

‘கூ’ என்றால் அடி. கன்னத்தில் அறைவதைக் குறித்த கிரேக்கச் சொல், லத்தீன் வழியாக அப்படித் தேய்ந்து வந்தது. வெயிலில் தோல் கன்றினால் ‘கூ த சொலேய்’. நமக்கும் வெயில் அடிக்கிறது. சட்டென்று காற்று வீசினால் ‘கூ த வான்’. நமக்கும் காற்று அடிக்கிறது. ‘கூ த ஷான்ஸ்’ என்றால் அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு வாய் மது குடித்தாலும் அது ஒரு ‘கூ’. நம் ஊரில் தண்ணி அடிப்பதை நான் சொல்லவா வேண்டும்? அரட்டை, காப்பி, பல்டி, சுவருக்கு வெள்ளை என்று எதைத்தான் நாம் அடிக்காமல் விட்டோம்? இதற்கெல்லாம் யாராவது நமக்கு அட்டவணை போட்டுக் கொடுத்தார்களா?

மறுநாள், கோடும் கட்டமும் நெருக்கியடித்த அவருடைய பிரெஞ்சு நோட்டில் தெரிந்த ‘கூ’ எல்லாம் எழுதச் சொன்னேன். ஒரு பக்கம் நிறைந்தது. “இதில் யார் யாரை அடிக்கிறார்கள்?” என்றேன். பேனா மூடியைக் கடித்தபடி வெகுநேரம் யோசித்தார். “யாரும் யாரையும் இல்லை. சட்டென்று ஒரு தடவை நடக்கிறது” என்றார்.

பிறகு அவரே ‘கெட்’ பக்கத்தைத் திருப்பினார். கோபமாக இருப்பது ‘பி ஆங்க்ரி’. கோபம் வருவது ‘கெட் ஆங்க்ரி’. வீட்டில் இருப்பது ‘பி ஹோம்’; வீடு வந்து சேர்வது ‘கெட் ஹோம்’. கடிதம் கையில் இருந்தால் ‘ஹேவ்’. வந்து சேர்ந்தால் ‘கெட்’. இல்லாதது உண்டாகிற அந்த மாற்றத்தை அவரே பிடித்துவிட்டார். இன்னொன்றும் காட்டினார். கல்யாணம் செய்துகொள்ள ‘ஸ மரியே’, உடுத்திக்கொள்ள ‘ஸாபியே’, வழி தவற ‘ஸ பெர்த்ர்’. பிரெஞ்சில் ‘ஸ’ ஒட்டிய இப்படிப் பல இடங்களில் ஆங்கிலத்தில் ‘கெட்’ நின்றது. உங்கள் 26இல் பாதி இதிலேயே தீர்ந்துவிடும். அப், ஓவர், ஆஃப் ஒட்டிக்கொண்டு வருவதை இப்போது தொடவே தொடாதீர்கள்.

வரும் ஞாயிறு வெறுங்கையோடு போய், அந்தப் பெண்களிடம் அவர்களுடைய ‘கூ’வை எழுதி வாங்குங்கள். நான் சொல்லாதது ஏதாவது வந்தால் எனக்கும் எழுதுங்கள். பேத்திக்குச் சொல்ல வேண்டும்.